எங்கள் கல்லூரிப் புகை

உறுதிமொழி எடுக்கும் நாள் என்றால் எனக்குக் காலையிலேயே கோபம் வந்துவிடும். அந்த வருஷமும் அப்படித்தான். சுற்றுச்சூழல் தினம் என்று முதல் பீரியடிலேயே பிள்ளைகளை மைதானத்து வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேடையில் ஒருவர் இங்கிலீஷில் வாசிக்க, இவர்கள் வலது கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே சொல்ல வேண்டும். பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று கட்டியிருந்தது. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று பிளாஸ்டிக்கில் அச்சடித்து, பக்கத்தில் பனிப்பாறை மேல் நிற்கும் ஒரு வெள்ளைக் கரடியின் படத்தையும் போட்டிருந்தார்கள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேரும் பிள்ளைகளுக்குக் கரடியைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று பக்கத்தில் நின்ற ஆசிரியையிடம் கேட்டேன். மெதுவாகப் பேசச் சொன்னார்.

விழா முடிந்தது. எல்லோருக்கும் ஒரு அட்டைப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே பாலிதீன் உறையில் கேக், இன்னொரு உறையில் மிக்சர், கூடவே சின்ன தண்ணீர் பாட்டில். மதியத்துக்குள் அத்தனையும் கல்லூரியின் பின்சுவர் ஓரம் போய்ச் சேர்ந்தன. சாயங்காலம் பேனரையும் கழற்றிக் கொண்டுவந்து அதன் மேலேயே போட்டுத் தீ வைத்தார்கள். எங்கள் விலங்கியல் லேபின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் பார்க்கும். கரடி முதலில் சுருங்கி, அப்புறம் உருகி, கடைசியில் கறுப்புப் புகையாகப் போனதை நின்று பார்த்தேன். சொன்னபடியே பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டார்கள்.

நான் அந்தக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். சுற்றுச்சூழல் மன்றத்துக்கும் நான்தான் பொறுப்பு. அதைப் பெரிய பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொறுப்புகளைப் பங்கு போட்ட கூட்டத்தன்று நான் லீவு. வராதவள் தலையில் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பேனர் எரிந்த மறுநாள், லேபில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் சத்தம் போடுவது கேட்டது. யாரையோ திட்டுகிறார் என்று முதலில் விட்டுவிட்டேன். 'காலேஜ்' என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேடம், அது எங்கம்மா" என்றாள்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, சுவர் உடைந்திருந்த இடத்தின் வழியாக அவளோடு அந்தப் பக்கம் போனேன். அங்கே மீனவக் குடியிருப்பு. வீடுகளுக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் மணல் திட்டு, அதில் வலைகளை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். வருஷம் முழுக்க அந்த லேபில் பாடம் எடுத்தவள் நான். கருவாட்டு வாசனை வரும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொல்லும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் புகை அந்தப் பக்கம் போய் என்ன செய்கிறது என்று எங்களில் ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை.

அந்தம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நீதான் இந்தக் காலேஜு டீச்சரா?"

"ஆமாம்மா. என்ன ஆச்சு?"

"இன்னா ஆச்சா? குனிஞ்சு பாரு. மீனு மேல இன்னா கீதுன்னு நீயே சொல்லு."

குனிந்து பார்த்தேன். வெள்ளி மாதிரி காய்ந்துகொண்டிருந்த நெத்திலி முழுக்கக் கறுப்புக் கறுப்பாக மெல்லிய செதில்கள் படிந்திருந்தன. ஒன்றைத் தொட்டேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. எரிந்த பிளாஸ்டிக். உதறினால் போகவில்லை, தேய்த்தால் மீனோடு சேர்ந்து இழுபட்டது.

"யாவாரி மோந்து பாத்துட்டு, பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குதுன்னு அப்பிடியே திருப்பி வுட்டுட்டான். கழுவினா உப்பு போயிடும், மறுக்கா காயவெச்சா ஒடஞ்சி பூடும். பவர் ஹவுஸ் சாம்பலு வருது, கம்பெனி கேஸு வருது, அது வேற. அத்தக் கேக்கறதுக்கு ஊரே கெளம்பிப் போய் ரோட்ல குந்துறோம். உங்கள யாரு கேக்கறது? எம் பொண்ணு உங்காண்டதான் படிக்குது."

மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தம்மா உதறிவிட்டார்.

"பொகைய நிறுத்தும்மா. வேற ஒண்ணியும் உங்கிட்ட கேக்கல."

அங்கிருந்து நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எந்தப் பிரச்சினையையும் இன்னொருத்தர் பிரச்சினையாக்கிப் பார்க்கத் தெரிந்தவர்.

"எரிக்காம என்ன மேடம் பண்றது? குப்பை வண்டிக்காரன் எடுக்க மாட்டேங்கிறான்."

"ஏன் எடுக்க மாட்டேங்கிறார்?"

"அதை அவனைத்தான் கேக்கணும்."

கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. இத்தனை பட்டம் வாங்கியவர்கள் நிறைந்த கட்டிடத்தில், வாசலில் வந்து நிற்கும் ஒரு வண்டிக்காரரிடம் ஏன் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே காத்திருந்து நான் கேட்டேன்.

"கலந்து குடுத்தா குப்பக் கெடங்குல எறக்க வுட மாட்டாங்க மேடம்" என்றார் வண்டிக்காரர். "மக்குறது தனியா, மக்காதது தனியா குடு, தெனம் வந்து எட்துக்கினு போறேன். எனக்கு இன்னா வலிக்குது?"

பிரித்துக் கொடுத்தால் வண்டி எடுக்கும். வண்டி எடுத்தால் எரிக்க வேண்டாம். எரிக்காவிட்டால் அந்தம்மாவின் நெத்திலி விற்கும். இதற்குக் கரடியும் வேண்டாம், உறுதிமொழியும் வேண்டாம்.

இவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டுவிட்டேன். கேன்டீன் பக்கத்தில் இரண்டு டிரம்களை வைத்து, ஒன்றில் மக்கும் குப்பை, இன்னொன்றில் மக்காத குப்பை என்று பெரிதாக எழுதினேன். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினேன். பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். டிரம்களில்தான் போட்டார்கள், கீழே ஒரு காகிதம் கிடக்காது. ஆனால் வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தினமும் திருப்பி வைத்துவிட்டுப் போனார். குப்பை பின்சுவருக்கே போனது. புகை எழுந்தது. அந்த மாணவி என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் மதியம், பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குப் போய், கேன்டீன் வாசலில் ஒரு தார்ப்பாயை விரித்து மக்கும் குப்பை டிரம்மை அதன் மேல் கவிழ்த்தேன். சுற்றி நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் நல்ல வார்த்தையாக நாலு கேள்வி கேட்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். கேட்க முடியவில்லை. ஏனென்றால் தார்ப்பாயின் மேல் விழுந்தது குப்பை மாதிரியே இல்லை. ஒழுங்காக, இறுக்கமாக, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிய சின்னச் சின்னப் பாலிதீன் மூட்டைகள்.

ஒன்றைப் பிரித்தேன். முடிச்சு அவிழவில்லை, கிழிக்க வேண்டியிருந்தது. உள்ளே லெமன் சாதத்தின் மிச்சம், முட்டை ஓடு, தொக்கு வந்த குட்டிப் பை, வாழையிலைத் துண்டு, அதைச் சுற்றிய செய்தித்தாள், வஞ்சிர முள், டீ குடித்த பேப்பர் கப். இன்னொன்றும் அப்படியே. சாப்பாடு எந்தக் கவரில் வந்ததோ அந்தக் கவருக்குள்ளேயே மிச்சம் அத்தனையையும் திணித்து, வாயைக் கட்டி, சமர்த்தாகப் போட்டிருந்தார்கள்.

"இதைக் கட்டச் சொன்னது யாரு?" என்றேன்.

ஒரு பையன் நிஜமாகவே குழம்பிப் போய்க் கேட்டான். "கட்டாம எப்பிடி மேடம் போடறது? நாறுமே."

பக்கத்திலிருந்தவள், "எங்க வூட்ல இப்பிடி அவுத்துப் போட்டா எங்கம்மா வெளக்கமாத்தால அடிக்கும்" என்றாள்.

"உள்ள சாப்பாடு கீது, வெளிய பிளாஸ்டிக் கீது" என்றான் அந்தப் பையன். "ரெண்டுல எதுல போடறதுன்னு தெரியாமதான் மேடம் ஒருநாளு இதுல, ஒருநாளு அதுல போட்டுக்கினு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் பிள்ளைகள் மேல் இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் மீன் இல்லாத நாள் குறைவு. இறால் தலை, மீன் குடல், செதில், முள் எல்லாம் தினப்படி குப்பை. அதைத் திறந்து போட்டால் பூனை இழுக்கும், காக்கா கொத்தும், வெயில் ஏறினால் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு யார் வீட்டுக் குப்பை என்று கேட்கும். அதனால் கவரில் போட்டு ஒரு முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு கவர், இன்னொரு முடிச்சு. ராயபுரத்தில் என் அம்மா கட்டும் முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது. எங்கள் சந்தில் முடிச்சுப் போடாமல் குப்பை போடுபவள் வளர்ப்பு சரியில்லாதவள். இந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை, அக்கறை இல்லாதவர்களும் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுத்த சுத்தத்தைக் கல்லூரிக்கும் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அந்தச் சுத்தம்தான் ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒரே மூட்டையாக்கி எரிக்க அனுப்பியது.

எத்தனை போஸ்டர், எத்தனை கருத்தரங்கு. எங்கிருந்தோ வந்து ஏசி ஹாலில் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனவர்களில் ஒருத்தர் முடிச்சைப் பற்றிப் பேசியிருப்பாரா? ஆமை மூக்கில் ஸ்ட்ரா மாட்டியது தெரியும் அவர்களுக்கு. வடசென்னையில் சாப்பிட்டு முடித்த பிள்ளை கவரை என்ன செய்யும் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியிருக்காது. இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் இவர்களைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் பல நாள் எரிச்சல்.

அன்றே டிரம்களை இடம் மாற்றினோம். கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். நாற்றம்தானே பிரச்சினை, அதற்கு முடிச்சு வேண்டாம், மூடி போதும். ஹார்பர் பக்கம் பழைய டிரம் விற்கும் கடையில் இறுக்கமான மூடி உள்ள நீல டிரம் ஒன்று கிடைத்தது. வழக்கம் இதுதான்: கவரைக் கட்டாதே. மிச்சத்தை மூடி டிரம்மில் கொட்டு. கவரைக் குழாயில் ஒரு தடவை அலசி இன்னொரு டிரம்மில் போடு. கரடிக்குப் பதிலாக முடிச்சுப் போட்ட ஒரு கவரை வரைந்து, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டுச் சுவரில் ஒட்டினாள் அந்த மாணவி.

முதல் சில நாள் ஒரே கலாட்டா. "கலீஜா கீது மேடம்" என்று பையன்கள் கவரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நெளிந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். இப்போதுதானே ருசித்துச் சாப்பிட்டாய், நீ சாப்பிட்டு மிஞ்சினது கை கழுவுவதற்குள் கலீஜ் ஆகிவிட்டதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கொட்டினார்கள். நான் நகர்ந்ததும் சிலர் பழையபடி முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்கள். கையே தானாகக் கட்டிவிடுகிறது என்று ஒருத்தி அழாத குறையாகச் சொன்னாள்.

வழிக்குக் கொண்டுவந்தவள் நானில்லை, கடைசி பெஞ்ச் மாணவிதான். அவள் அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் குழாயடியில் நின்று, கவரோடு வந்த தன் வகுப்புப் பையனிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்க வூடு அந்தாண்ட கீது. நீ கட்டிப் போட்டா வண்டி எடுக்காது. இங்க எரிப்பாங்க. உன் தயிர்சாதக் கவரு எங்கம்மா மீனு மேலதான் வந்து வுழும்."

அவன் சுவரைப் பார்த்தான். அங்கே வீடுகள் இருப்பதே அவனுக்குத் தெரியாது, புழலில் இருந்து பஸ் மாறி வருகிறவன். கவரை அவிழ்த்துக் கொட்டி, அலசிப் போட்டான். அந்தப் பேச்சு வகுப்பெல்லாம் பரவியது. அப்புறம் யாராவது மறந்துபோய் முடிச்சுப் போட்டால் பிள்ளைகளே, "டேய், மீனு காயுதுடா" என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். வண்டிக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார், இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார். பின்சுவர் ஓரம் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. வியாபாரி மீனை எடுத்துக்கொள்கிறார் என்று அவள் வந்து சொன்னபோது, அவளுடைய அம்மாவை விட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இப்படியே விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கல்லூரிக்குத் தரம் கொடுக்க ஒரு கமிட்டி வருகிறது என்றார்கள். கட்டிடத்துக்கு வெள்ளையடித்தார்கள், தொட்டிச் செடிகளை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். பசுமை வளாகம் என்று ஒரு தலைப்பு, அதற்குத் தனி மார்க். அதற்காகப் பச்சை, நீலம், சிவப்பு என்று பளபளக்கும் குப்பைத் தொட்டிகளை வரிசையாக வாங்கிப் போட்டார்கள். மேலே ஆடும் மூடி, அதில் கடுதாசி போடும் அளவுக்கு ஒரு சின்ன வாய். கவரைக் கவிழ்த்துக் கொட்டவே முடியாது. கட்டிப்போட்ட மூட்டையைத் தள்ளத்தான் அது லாயக்கு. எங்கள் டிரம்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

ஓடிப்போய்க் கேட்டேன். கமிட்டி போகும்வரை புதுத் தொட்டிகளை யாரும் தொடக்கூடாது, அழுக்காகிவிடும் என்றார் பிரின்சிபால்.

"குப்பைத் தொட்டி அழுக்காகக் கூடாதா சார்?"

"கொஞ்ச நாள்தானே மேடம். பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் பிள்ளைங்க குப்பையை எங்க போடும்?"

அவர் போனை எடுத்துக்கொண்டார். குப்பை போடுவதற்காக வாங்கிய தொட்டியைக் குப்பையிடமிருந்து காப்பாற்றிய கல்லூரி வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கவரைக் கட்டி மூலையில் வைத்தார்கள். கமிட்டி வருவதற்கு முந்தின நாள் மாலை வளாகத்தைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தார்கள். மூலை மூலையாக இருந்த மூட்டைகள், வெள்ளையடித்த பெயின்ட் டப்பா, பழைய நாற்காலிகளின் உடைந்த பிளாஸ்டிக், எல்லாவற்றையும் பின்சுவர் ஓரம் குவித்துக் கொளுத்தினார்கள். நான் போவதற்குள் பற்றிக்கொண்டுவிட்டது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம், நானும் சில பிள்ளைகளும். அது அணைவதாக இல்லை. அந்தப் பக்கம் யாரும் சத்தம் போடவில்லை. பெண்கள் வலைகளைச் சுருட்டி மீனோடு இழுத்துக்கொண்டு ஓடுவது உடைந்த இடத்தின் வழியாகத் தெரிந்தது.

மறுநாள் கமிட்டி வந்தது. புதுத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஒரு மாணவி வேண்டும் என்று என்னைக் கேட்காமலேயே அந்தக் கடைசி பெஞ்ச் மாணவியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குழாயடியில் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவந்தது அவள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கிலீஷில் நாலு வரி எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். போட்டுக் காட்டுவதற்காக ஒரு வாழைப்பழத் தோல், ஒரு புதுத் தண்ணீர் பாட்டில், கசக்காத ஒரு காகிதம், தட்டில் தயாராக இருந்தன. குப்பையைக்கூடக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள்.

அவள் ஒப்பித்தாள். தோலைப் பச்சையில் போட்டாள், பாட்டிலை நீலத்தில் போட்டாள். கேமரா மின்னியது. காற்று கடல் பக்கமிருந்து எங்களை நோக்கித் திரும்பியது. சாம்பலுக்குள் இன்னும் தீ இருந்திருக்க வேண்டும். கமிட்டியில் வந்திருந்த ஒரு அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்.

"என்ன வாடை இது?" என்று தமிழில்தான் கேட்டார்.

"ஃபேக்டரி மேடம்" என்றார் பிரின்சிபால், ஒரு நொடிகூடத் தயங்காமல். "இந்த ஏரியா அப்படித்தான். எண்ணூர் சைடு இல்லையா? நாங்க எவ்வளவோ கம்ப்ளெயின்ட் பண்ணிப் பாத்துட்டோம்."

எல்லோரும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். யாருக்கும் சந்தேகம் வராது. வடசென்னையில் எது நாறினாலும் அது வடசென்னையின் நாற்றம், யார் மேலும் பழி விழாது. அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. உண்மையான புகைக்கும் கழிவுக்கும் எதிராக இந்த ஜனங்கள் எத்தனை தடவை தெருவில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கஷ்டத்தை எடுத்து எங்கள் கொளுத்தலுக்குப் போர்வையாகப் போட்டுவிட்டார் ஒரு மனிதர். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இல்ல மேடம்" என்றாள். "அது எங்க காலேஜு குப்ப. நேத்து எரிச்சாங்க. அந்தாண்ட எங்கம்மா மீனு காயப்போட்டுக்கினு இருந்திச்சு."

குரலை உயர்த்தவில்லை. அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், பிரின்சிபாலைப் பார்த்தார். தைரியமான பெண் என்று சொல்லித் தோளில் தட்டினார். பிறகு எல்லோரும் லைப்ரரி பார்க்கப் போய்விட்டார்கள். அந்தச் சுவர் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. தட்டில் அந்தக் காகிதம் மட்டும் மிச்சமிருந்தது.

கமிட்டியின் கார்கள் கிளம்பியதும் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க சொல்லிக்கொடுத்துப் பேச வெச்சீங்களா?"

"இல்ல சார். நான் சொல்ல இருந்தேன், அவ முந்திட்டா."

"கல்லூரி மானம் போச்சு. அவ மன்னிப்புக் கேக்கணும். நாளைக்கு அவங்கம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. எங்கள் ஊரில் எந்தப் பள்ளிக்கூடமும் எந்தக் கல்லூரியும் வாய் வலிக்காமல் சொல்லும் வார்த்தை இது. நான் கூட்டி வர மாட்டேன், அவள் பொய் சொல்லவில்லை என்றேன். அப்படியானால் பரீட்சை ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன் என்றார். மாலையில் அவளே போய் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அந்தம்மா பிரின்சிபால் அறைக்கு வந்தார். நல்ல புடவை கட்டி, தலை வாரி, பூ வைத்திருந்தார். நாற்காலி காட்டினேன், உட்காரவில்லை. மகள் பக்கத்தில் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்திய பெண்மணி எங்கே என்று தேடும்படி அடங்கி நின்றிருந்தார். படிப்பு போய்விடுமோ என்ற பயம் அது.

பிரின்சிபால் நிதானமாகப் பேசினார். இத்தனை பேர் முன்னால் கல்லூரியைப் பற்றி அப்படிப் பேசுவது ஒழுக்கமா, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசலாமா, ஒரு சாரி சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மகளிடம் திரும்பி, "மன்னிப்பு கேட்டுரும்மா" என்று சொல்லவும் வாயெடுத்துவிட்டார். அத்தோடு பிரின்சிபால் நிறுத்தியிருக்கலாம். சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு பிரின்சிபால் இன்னொரு வார்த்தை சேர்த்தார்.

"ஏதோ கொஞ்சம் மீன் கெட்டுப்போச்சு, சரி. கெட்டுப்போனா தூக்கிப் போட்டுட்டு வேற வேலையைப் பாக்க வேண்டியதுதானே? அதுக்காக இப்படியா?"

அந்தம்மா நிமிர்ந்தார்.

"இன்னாத்த சார் தூக்கிப் போடறது?" என்றார். சத்தமே இல்லை. "யாவாரி வேணாம்னு போடற மீன வூட்டுக்குத்தான் எட்துக்கினு போறோம். கழுவிக் கழுவிக் கொயம்பு வெச்சித் துன்றோம். உன் காலேஜுல எரிஞ்சது ஒண்ணு வுடாம எங்க வவுத்துலதான் போவுது. இதோ நிக்கிதே, இதுவும் அத்தத் துன்னுட்டுத்தான் தெனம் உன்னாண்ட படிக்க வருது."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் என்னோடு நின்று டிரம் உருட்டியவள் இதை மட்டும் என்னிடம் சொன்னதே இல்லை. பிரின்சிபால் மேஜையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "சரி சரி, மன்னிப்பெல்லாம் வேண்டாம், போகட்டும்" என்றார், பெரிய மனது பண்ணி விட்டுவிடுகிறவர் போல.

அன்று மதியமே ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் டிரம்களை உருட்டிக்கொண்டு வந்து குழாயடியில் வைத்தார்கள். வண்டி வருகிறது, இப்போது பின்சுவர் ஓரம் எரிப்பதில்லை. பசுமை வளாகத்துக்கு நல்ல மார்க் வந்து, அதற்கு ஒரு பாராட்டுக் கூட்டமும் நடந்தது. அந்த அறையில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர் யார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவளிடமும் அவள் அம்மாவிடமும் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.